சுவிஸ் மலைமக்களும் ஆறு மாதப் பனியும்



சுவிட்சர்லாந்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவன மூன்று நான்கு பொருள்கள்தாம். கைக்கடிகாரம், சாக்லெட், பணக்காரர்கள் பணம் போட்டு வைக்கும் வங்கி, நாட்காட்டிப் படத்தில் காணும் வெள்ளைப் பனிமலை. செல்வம் கொழிக்கும் நாடு, அங்கே பிறந்தவனுக்குக் கவலை ஏது என்றே எண்ணிக்கொள்கிறோம். இன்றைய நிலைமைக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த மலைகளில் குடியிருந்தவர்கள் ஐரோப்பாவின் ஏழை மக்களில் சேர்ந்தவர்கள். பிள்ளைகளைச் சந்தையில் நிறுத்திக் கூலிக்கு விட்டவர்கள் அவர்களுள் உண்டு. கடன்பட்டுக் கடல் கடந்து, தோட்டத்துக் கூலிகளாய்ப் போனவர்களும் உண்டு. அப்படிப்பட்ட மக்கள் பனிக்காலத்தை எப்படிக் கழித்தார்கள், அந்தக் காலத்தையொட்டி என்னென்ன வழக்கங்களை வைத்திருந்தார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 41,000 சதுர கிலோமீட்டர். நம் பகாங் மாநிலத்தைவிடச் சற்றே பெரியது. அதில் பாதிக்கு மேல் ஆல்ப்ஸ் மலைத்தொடர் அடைத்துக்கொண்டிருக்கிறது. கடற்கரை கிடையாது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமான்ஷ் என்று நான்கு மொழிகள், 26 மாநிலங்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வழக்கம் வேறு. ஆகவே நான் ஒரு வழக்கத்தைச் சொன்னால் அது ஒரு பள்ளத்தாக்குக்கு உரியது என்று கொள்ளுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டால், "அப்படி ஒன்றை நாங்கள் கண்டதில்லையே" என்பார்கள்.

நாட்டின் தென்மேற்கே வாலே என்று ஒரு மாநிலம். அங்கே மலைச்சரிவில் டோர்பெல் என்று ஒரு சிற்றூர். அது கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கேமரன் மலையில் தானா ராத்தா இருக்கும் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தானா ராத்தாவில் ஆண்டு முழுவதும் தேயிலை துளிர்க்கிறது. கீரையும் முட்டைக்கோசும் விளைகின்றன. டோர்பெலில் நவம்பர் மாதம் பனி விழத் தொடங்கினால் ஏப்ரல் வரை புல் முளைக்காது. நிலநடுக்கோட்டிலிருந்து அந்த ஊர் இருக்கிற தூரம் அப்படி. சில ஆழமான பள்ளத்தாக்குகளில் நிலைமை இன்னும் மோசம். மலை மறைத்துக்கொள்வதால், நவம்பரில் போன வெயில் பிப்ரவரியில்தான் ஊருக்குள் திரும்பி வரும்.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதன் எதை நம்பி வாழ்வது? மாட்டை நம்பித்தான். நெல்லும் கோதுமையும் விளையாத உயரத்திலும் கோடையில் புல் விளையும். மனிதனால் புல்லைத் தின்ன முடியாது. மாடு தின்று பாலாக்கித் தரும். பாலைப் பாலாடைக்கட்டியாக்கினால், அதாவது சீஸ் ஆக்கினால், ஆண்டுக்கணக்கில் கெடாது. வெயிற்காலத்துப் புல்லைப் பனிக்காலத்துச் சோறாக மாற்றும் வழி இதுதான்.

ஆனால் அந்த மாடும் பனிக்காலத்தில் உயிரோடு இருக்க வேண்டுமே! கொட்டிலில் கட்டிய மாட்டுக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ காய்ந்த புல் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு நாளுக்கு இரண்டு டன்னுக்கு மேல் ஆகிறது. இது ஒரு மாட்டுக்கு. அத்தனையையும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அரிவாளால் அறுத்து, வெயிலில் உலர்த்தி, முதுகில் சுமந்து பரண் சேர்க்க வேண்டும். ஆகவே கோடைகாலத்தில் வேலை செய்ய முடியாத உயரத்துக்கு மாட்டை ஓட்டிவிட்டு, ஊரைச் சுற்றியுள்ள புல்லை ஒரு பிடிகூட மேயவிடாமல் பனிக்காலத்துக்கென்று அறுத்து வைப்பார்கள். மாடுகள் ஜூன் மாதம் மலையேறும், செப்டம்பரில் இறங்கும். கீழே ஊர், நடுவே வசந்தகால மேய்ச்சலிடம், உச்சியில் ஆல்ப் எனப்படும் கோடை மேய்ச்சல் வெளி என்று மூன்று படி. சில பள்ளத்தாக்குகளில் குடும்பமே மாட்டோடு ஏறி இறங்கியது. ஒரு வீட்டுக்காரனுக்கு மூன்று இடங்களில் கொட்டில் இருக்கும். ஆனால் அவன் பணக்காரன் அல்லன்!

அந்த உச்சி மேய்ச்சல் வெளி தனியாருக்குச் சொந்தமன்று, ஊருக்குப் பொது. இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. பொதுநிலம் என்றால், கையில் காசுள்ளவன் வசந்தகாலத்தில் சந்தைக்குப் போய் இருபது மாடு வாங்கி வந்து, கோடை முழுவதும் ஊர்ப்புல்லில் மேயவிட்டுக் கொழுக்க வைத்து, பனி விழுமுன் விற்றுக் காசாக்கிவிடலாம். இரண்டு மாடு வைத்திருக்கும் ஏழைக்குப் புல் மிஞ்சாது. டோர்பெல் மக்கள் இதை எப்படித் தடுத்தார்கள் தெரியுமா? 1483-ஆம் ஆண்டில் கூடி, ஆல்ப் வெளியையும் காட்டையும் பொதுவில் ஆள்வதற்கு ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். பிறகு 1517-ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தார்கள். பனிக்காலம் முழுவதும் ஒருவன் தன் சொந்தப் புல்லைக் கொண்டு எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது வெளிக்கு அனுப்பலாம். மீறினால் அபராதம்.

எவ்வளவு எளிய விதி, பாருங்கள். எண்ணுவதற்கு அதிகாரி வேண்டாம். யார் வீட்டுக் கொட்டிலில் பனிக்காலத்தில் எத்தனை மாடு கட்டியிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். காசைக் கொண்டு இந்த விதியை ஏமாற்ற முடியாது. பனி எல்லாருக்கும் பொது. ராபர்ட் நெட்டிங் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் டோர்பெலில் தங்கி ஆராய்ந்து 1981-இல் ஒரு நூல் எழுதினார். நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அந்த விதி நடைமுறையில் இருந்ததை அவர் கண்டார். பொதுச் சொத்தை மக்கள் தாங்களே காக்க முடியும் என்பதற்கு டோர்பெலை ஒரு சான்றாகக் காட்டி எழுதிய எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார், 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தாம்.

யார் எத்தனை மாடு விடலாம், யாருக்கு எத்தனை மணி நேரம் வாய்க்கால் நீர், யார் எத்தனை நாள் பொதுவேலை செய்தான் என்பதையெல்லாம் வாலே மாநிலத்தில் மரக்குச்சியில் வெட்டுக்குறி போட்டு வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. எழுத்தறியாதவனும் தடவிப் பார்த்துத் தன் கணக்கைச் சொல்லிவிடலாம். நம் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தின் வேலையை அங்கே அந்தக் குச்சி செய்தது. ஆனால் குச்சி தொழிலாளியின் கைக்கும் எட்டிய கணக்கு.

இதில் குறை இல்லாமல் இல்லை. இந்த ஊர்ச்சபைகளில் ஆண்கள்தாம் கைதூக்கினார்கள். புல் சுமந்தவள் பெண், பால் கறந்தவள் பெண். வாக்கு மட்டும் ஆணுக்கு. சுவிஸ் நாடு பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கொடுத்தது 1971-இல்தான். உள்-அப்பென்செல் என்னும் சிறு மாநிலம் அதற்குப் பிறகும் தன் சபையில் பெண்களைச் சேர்க்க மறுத்து, 1990-இல் நீதிமன்றம் சொல்லித்தான் வழிக்கு வந்தது. வெளியூரிலிருந்து வந்தவனுக்குப் பொது மேய்ச்சலில் உரிமை கிடையாது. சொந்தப் புல் இல்லாத ஏழைக்கும் இந்த விதியால் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

செப்டம்பரில் மாடுகள் பூ முடித்து, பெரிய மணி கட்டி ஊர்வலமாக இறங்கி வரும். கோடை முழுவதும் மேலே செய்த பாலாடைக்கட்டியை, அவரவர் மாடு கறந்த பாலின் அளவுக்கேற்பப் பங்கிடுவார்கள். பெர்ன் மாநிலத்து யூஸ்டிஸ் பள்ளத்தாக்கில் இந்தப் பங்கீடு இன்றும் ஒரு திருவிழாவாக நடக்கிறது. வாலே மலைகளில் பனிக்கு முன் ரொட்டி சுடுவார்கள். ரை என்னும் கருந்தானியத்து மாவு. ஊருக்கு ஒரே பொது அடுப்பு. விறகு அருமை என்பதால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் அதை மூட்டுவார்கள். மாதக்கணக்கில் வைத்துத் தின்ன வேண்டிய ரொட்டி கல்லாகிவிடும். அதை வெட்டுவதற்கென்றே பலகையில் பொருத்திய கத்தி இருந்தது. இறைச்சியை உப்பிட்டுக் குளிர்காற்றில் உலர்த்தினார்கள். தென்பகுதியான டிச்சினோவில் செஸ்ட்நட் என்னும் காட்டுக் கொட்டைதான் ஏழையின் ரொட்டி. பாலாடைக்கட்டியை மதுவில் உருக்கி, ரொட்டித் துண்டைத் தோய்த்துத் தின்னும் ஃபோண்டு என்னும் உணவை நாட்டின் தொன்று தொட்ட தேசிய உணவு என்று சொல்வார்கள். அது நாடெங்கும் பரவியதற்குக் காரணம், 1930-களில் பாலாடைக்கட்டி விற்பனைச் சங்கம் செய்த விளம்பரம். தொன்மை என்று சொல்லப்படுவதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது.

பாலைப் பற்றிப் பேசும்போது நம் வீட்டுக்கும் உள்ள ஒரு தொடர்பைச் சொல்ல வேண்டும். 1866-இல் சுவிட்சர்லாந்தில் காம் என்ற ஊரில் டின்பால் தொழிற்சாலை ஒன்று தொடங்கியது. ஆங்கிலோ-சுவிஸ் என்ற அந்த நிறுவனம் 1905-இல் நெஸ்லே நிறுவனத்தோடு இணைந்தது. 1912-இல் பினாங்கில் கடை திறந்தது. தேநீரில் டின்பால் ஊற்றிக் குடிக்கும் நம் பழக்கத்தில் அந்த மாட்டுக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, பனி விழுந்துவிட்டது. வீட்டுக்குள் என்ன நடக்கிறது? கரிய மரத்தால் கட்டிய வீடு. கல்லால் ஆன கணப்படுப்பு உள்ள ஒரே ஓர் அறை. அந்த ஒரு அறையில்தான் தாத்தா முதல் கைக்குழந்தை வரை பகலும் மாலையும் இருப்பார்கள். பனிக்காலம் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கும் காலம் என்று நினைக்காதீர்கள். ஆண்கள் விடியுமுன் எழுந்து, ஆங்காங்கே இருக்கும் கொட்டில்களுக்குப் பனியில் வழி வெட்டிக்கொண்டு போய் மாட்டுக்குத் தீனி போட வேண்டும். ஒரு கொட்டிலில் புல் தீர்ந்தால், புல்லை மாட்டிடம் சுமந்து வராமல் மாட்டைப் புல் இருக்கும் அடுத்த கொட்டிலுக்கு ஓட்டிப் போவார்கள். ஊரி மாநிலத்தில் மாடு ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளில் ஆகஸ்டு மாதத்திலேயே புல்லறுத்துப் போர் போட்டு வைத்திருப்பார்கள். பனி இறுகியதும் சறுக்குவண்டியில் ஏற்றி, வண்டிக்கு முன்னே நின்று குதிகாலால் தடுத்துக்கொண்டே இறக்குவார்கள். கால் தவறினால் புல்போரோடு ஆளும் போனான். விறகும் இப்படியே இறங்கியது.

பெண்களுக்கு நூற்பு, நெசவு, தையல். மாலையில் ஒரு வீட்டில் நாலைந்து குடும்பத்துப் பெண்கள் கூடி நூற்பார்கள். ஒரே விளக்கு, ஒரே அடுப்பு. எண்ணெயும் விறகும் மிச்சம். பிள்ளைகள் பேய்க்கதை கேட்பதும், இளைஞர்கள் பெண் பார்ப்பதும் அங்கேதான். வடமேற்கேயுள்ள ஜூரா மலைகளில் இந்தப் பனிக்கால வேலை வேறொரு வழியில் போனது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்குள்ள குடியானவர் வீடுகளில் கடிகாரத்தின் சிறு உறுப்புகளைச் செய்யத் தொடங்கினார்கள். ஒரு வீட்டில் பற்சக்கரம், இன்னொரு வீட்டில் திருகாணி. பனி வெளிச்சம் உள்ளே விழும்படி வரிசையாக ஜன்னல் வைத்து, அதன் ஓரம் குடும்பமே அமர்ந்து வேலை செய்தது. வசந்தகாலத்தில் அதே விரல்கள் மண்வெட்டி பிடித்தன. உலகப் புகழ் பெற்ற சுவிஸ் கடிகாரத் தொழிலின் வேர்களில் ஒன்று, ஆறு மாதம் வயலில் வேலையில்லாத அந்தக் குடும்பங்கள்தாம்.

இத்தனைக்கும் மேலே தலைக்கு மேல் ஒரு பயம் எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் பனிச்சரிவு. மலைமேல் குவிந்த பனி ஒரு நொடியில் கட்டு விட்டு, மரத்தையும் வீட்டையும் வாரிக்கொண்டு இறங்கும். அன்டர்மாட் என்ற ஊர்க்காரர்கள் 1397-ஆம் ஆண்டிலேயே, ஊருக்கு மேலேயுள்ள காட்டில் யாரும் மரம் வெட்டக் கூடாது, கிளையையும் காயையும்கூட எடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். அந்தக் காடுதான் பனியைத் தடுத்து நிறுத்தும் சுவர். குளிரில் விறைத்துக்கொண்டு, கண்ணெதிரே விறகு நிற்க, அதைத் தொடாமல் தலைமுறை தலைமுறையாக இருந்தார்களே, அதை எண்ணிப் பாருங்கள்.

அப்படியும் சாவு வந்தது. 1951-ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெரும்பனி பெய்து, அந்த ஒரு பனிக்காலத்தில் சுவிட்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவில் மாண்டார்கள். வால்ஸ் என்ற ஒரே ஊரில் 19 பேர். டாவோஸ் நகருக்கு மேலே மலையுச்சியில் 1936 முதலே பனியை ஆராயும் கூடம் ஒன்று இருந்தது. 1951-க்குப் பிறகு அதன் சொல்லுக்கு மதிப்புக் கூடியது; சரிவுகளில் இரும்பு வேலிகள் எழும்பின; ஆபத்தான இடங்களில் வீடு கட்டத் தடை வந்தது; எச்சரிக்கை அறிவிப்புகள் பெருகின. 1999-இல் மீண்டும் அப்படிப்பட்ட பெரும்பனி வந்தபோது, ஊர்களிலும் சாலைகளிலும் இறந்தவர் 17 பேர். பதினேழும் சிறு எண் அன்று. ஆனால் 1951-இல் இருந்ததைவிட அந்த மலைகளில் இப்போது எத்தனையோ மடங்கு ஆள் நடமாட்டம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இருட்டு, குளிர், பயம். இவற்றை விரட்ட அந்த மக்கள் கண்ட வழி, ஓசை. அவர்களுடைய பனிக்கால விழாக்கள் பலவற்றில் மணியும் முகமூடியும் உண்டு. அப்பென்செல் பகுதியில் ஊர்னேஷ் என்ற ஊரில் ஆண்டின் கடைசி நாள் விடியற்காலையில், ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் பண்ணை வீடுகளுக்குப் போவார்கள். உடம்பில் கனத்த மாட்டு மணிகள். தலையில் ஊர்க் காட்சிகளைச் செதுக்கி வைத்த பெரிய கிரீடம். சிலர் வைக்கோலும் மரக்கிளையும் கட்டிக்கொண்டு கோரமாக வருவார்கள். வீட்டு வாசலில் மணியைக் குலுக்கிவிட்டு, வட்டமாக நின்று சொல்லில்லாத ஒரு பாட்டைப் பாடுவார்கள். வெறும் குரல்தான், சொல்லே கிடையாது. வீட்டுக்காரர் முகமூடிக்குள் உறிஞ்சுகுழல் விட்டு மது கொடுப்பார். இதையே ஜனவரி 13-ஆம் நாள் மறுபடியும் செய்கிறார்கள். ஏன் இரண்டு முறை? 1582-இல் போப்பாண்டவர் நாட்காட்டியைத் திருத்தினார். இந்த ஊர்க்காரர்கள் அவருடைய மதப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அல்லர். திருத்தத்தை நெடுங்காலம் ஏற்க மறுத்தார்கள். பிற்பாடு அரசாங்கக் கணக்கு மாறியும் பழைய புத்தாண்டை விடவில்லை. கோபம் மறைந்துவிட்டது, திருநாள் இரண்டாகிவிட்டது!

வாலே மாநிலத்து லோட்சன் பள்ளத்தாக்கு, 1913-இல் இரயில் சுரங்கம் திறக்கும்வரை பனிக்காலத்தில் வெளியுலகத்தோடு தொடர்பற்றுக் கிடந்த இடம். அங்கே பிப்ரவரி மாதத்தில் இளைஞர்கள் ஆட்டுத்தோல் போர்த்து, பல் இளிக்கும் மரமுகமூடி மாட்டி, இடுப்பில் மணி கட்டி, தெருவில் அகப்பட்டவர் முகத்தில் பனியைத் தேய்த்து விரட்டுவார்கள். முன்பெல்லாம் மணமாகாத ஆண்களுக்கு மட்டுமே இந்த உரிமை. பாதிரியார்கள் இதைத் தடுக்கப் பார்த்தும் முடியவில்லை.

இவற்றிலெல்லாம் பிள்ளைகளுக்கு உரியது, கிரவுபுண்டன் மாநிலத்து எங்கடின் பள்ளத்தாக்கில் மார்ச் முதல் நாள் நடக்கும் சலாண்டமார்ஸ் என்னும் விழா. பழைய ரோமானியர்களுக்கு மார்ச் மாதத்தில்தான் ஆண்டு பிறந்தது. அந்த நினைவு இந்தப் பெயரில் தங்கியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் மாட்டு மணிகளைக் கழுத்தில் மாட்டி, பாடிக்கொண்டே தெருத்தெருவாகச் சென்று பனிக்காலத்தை விரட்டுவார்கள். பெரிய மணி கிடைத்தவன் முன்னே போவான். சிறு மணி கிடைத்த ஒரு பையன், பெரிய மணியைத் தேடி மலைமேல் போன கதையை 1945-இல் ஒரு படப் புத்தகமாக்கினார்கள். அந்த உர்ஸ்லியை அறியாத சுவிஸ் குழந்தை இல்லை எனலாம்.

மணியோசை கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கிரவுபுண்டன் மாநிலத்தின் வேறு பள்ளத்தாக்குகளில் மார்ச் மாதம் வந்தால் தாய்மார்கள் அழுதார்கள். புல் இருக்கும் அளவுக்குத்தான் மாடு என்று விதி இருந்தது அல்லவா? பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. பனிக்காலம் முடியும் நேரத்தில் பரணும் காலி, பானையும் காலி. எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டம் சேர்த்து, ஒரு பெரியவர் துணையோடு, பனி உருகாத கணவாய்கள் வழியே கால்நடையாக அனுப்பினார்கள். போய்ச் சேரும் இடம் தென் ஜெர்மனியில் ராவென்ஸ்பர்க் முதலிய ஊர்கள். அங்கே தெருவில் பிள்ளைகள் வரிசையாக நிற்க, பண்ணைக்காரர்கள் வந்து பார்த்துப் பேரம் பேசி அழைத்துப் போவார்கள். பையன்களுக்கு மாடு மேய்க்கும் வேலை, பெண்பிள்ளைகளுக்குக் குழந்தை பார்க்கும் வேலை. நவம்பரில் திரும்பும்போது இரண்டு சோடி உடுப்பும் சிறிது பணமும் கிடைக்கும். வீட்டுக்குப் பெரிய ஆதாயம், ஆறேழு மாதம் ஒரு வாய் குறைந்தது. ஆஸ்திரிய மலைகளிலிருந்தும் இப்படிப் போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள். ஜெர்மானியப் பள்ளிக் கட்டாயச் சட்டம் அயல்நாட்டுப் பிள்ளைகளையும் உட்படுத்திய பிறகே, 1921-ஐ ஒட்டி, இது ஓய்ந்தது.

டிச்சினோவில் இது தலைகீழ். அங்கே பையன்கள் போனது பனிக்காலத்தில். மிலான் நகரத்துப் பணக்காரர் வீட்டுப் புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி சுரண்ட, உடல் ஒடுங்கிய சிறு பிள்ளைகள்தாம் தேவைப்பட்டார்கள். உள்நாட்டிலும் கொடுமை இருந்தது. அனாதைப் பிள்ளையையும் ஏழை வீட்டுப் பிள்ளையையும் ஊராட்சியே பண்ணைக்காரர்களிடம் ஒப்படைத்தது. யார் குறைந்த தொகை வாங்கிக்கொண்டு வளர்ப்பதாகச் சொன்னாரோ அவருக்கே பிள்ளை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் இது நடந்தது. 2013-இல் சுவிஸ் அரசாங்கம் அவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. 2017-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, உயிரோடிருப்பவர்களுக்குத் தலைக்கு 25,000 பிராங்க் வழங்கப்பட்டது. வாங்கியவர்கள் கிழவர்களும் கிழவிகளும்.

பெரியவர்களும் போனார்கள். 1815-ஆம் ஆண்டு ஏப்ரலில், ஜாவாவுக்குக் கிழக்கே சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பலும் புகையும் வானில் பரவி உலகெங்கும் வெயிலை மங்கச் செய்தன. மறு ஆண்டு சுவிட்சர்லாந்தில் கோடையே வரவில்லை. அறுக்கப் புல் இல்லை, தானியம் முற்றவில்லை. 1817-இல் கிழக்கு மாநிலங்களில் மக்கள் புல்லைப் பிடுங்கித் தின்றார்கள். நம் பக்கத்துக் கடலில் வெடித்த மலை அங்கே பிள்ளைகளின் சோற்றைப் பறித்தது! 1819-இல் ஏறத்தாழ 2,000 சுவிஸ் மக்கள் பிரேசில் நாட்டுக்குக் கப்பலேறினார்கள். வழியிலும், போய்ச் சேர்ந்த சில மாதங்களிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

1850-களில் போனவர்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. பிரேசிலின் சாவ் பாவ்லோ பகுதியில் இபிகாபா என்று ஒரு பெரிய காப்பித் தோட்டம். முதலாளி வெர்கெய்ரோ என்ற செனட்டர். அடிமை வேலையாட்களோடு ஐரோப்பியக் குடும்பங்களையும் அவர் வரவழைத்தார். கப்பல் கூலியைச் சுவிஸ் ஊராட்சிகள் முன்பணமாகக் கொடுத்தன. ஏழைகள் ஊரைவிட்டுப் போனால் சரி என்பது அவற்றின் கணக்கு. தோட்டத்தில் கால் வைக்கும்போதே குடும்பத்தின் தலையில் கடன். அதற்கு வட்டி. காப்பியை அளக்கும் அளவிலும், பணத்தை மாற்றும் கணக்கிலும் மோசடி என்று குடியேறியவர்கள் முறையிட்டார்கள். தோட்டக் கடையில் பற்று வைத்துச் சம்பள நாளில் சிட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களின் வீட்டில் பிறந்த நமக்கு, இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1855-இல் அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் கிரவுபுண்டன் மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் தாமஸ் டாவாட்ஸ் ஒருவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஊருக்கு நிலைமையை எழுதி அனுப்ப வேண்டும் என்ற பொறுப்போடு வந்தவர். அவர் ஒவ்வொரு குறையையும் கேட்டு எழுதிக்கொண்டார். 1856-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அவரைத் தோட்ட நிர்வாகம் அழைத்து மிரட்டியது. செய்தி பரவியதும் குடியேறியவர்கள் கையில் கிடைத்த ஆயுதங்களோடு திரண்டுவிட்டார்கள். இரத்தம் சிந்தவில்லை, ஆனால் அந்தக் கிளர்ச்சி பிரேசிலையும் சுவிட்சர்லாந்தையும் உலுக்கியது. டாவாட்ஸ் 1857-இல் ஊர் திரும்பி, மறு ஆண்டு எல்லாவற்றையும் ஒரு நூலாக வெளியிட்டார். 1860-இல் சுவிஸ் அரசாங்கம் சூடி என்பவரைத் தூதராக அனுப்பித் தோட்டங்களை விசாரிக்கச் செய்தது. கடன் சுமை எல்லாருக்கும் உடனே தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் ஓர் ஆசிரியரின் குறிப்பேடு அரசாங்கத்தை அசைத்ததே, அது சிறிய செய்தியா?

ஊரை விட்டு ஓடச் செய்த அந்தப் பனியே பிறகு சோறு போடத் தொடங்கியது வேடிக்கைதான். செயின்ட் மோரிட்சில் ஜோகன்னஸ் பட்ருட் என்ற விடுதிக்காரர், கோடையில் தங்கியிருந்த ஆங்கிலேயரிடம், "பனிக்காலத்திலும் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது" என்று பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை. 1864-ஐ அந்தப் பனிக்காலச் சுற்றுலாவின் தொடக்க ஆண்டாகச் சொல்கிறார்கள். டாவோசின் குளிர்ந்த காற்று காசநோய்க்கு நல்லது என்று நோயாளிகள் வந்தார்கள். மலையில் இரயில் ஏறியது. பனிச்சறுக்கு விளையாட்டு வந்தது. மாட்டுக்காரன் மகன் பனிச்சறுக்குப் பயிற்சியாளன் ஆனான். ஆட்களை வெளியே அனுப்பிய நாடு, ஆட்களைத் தேடும் நாடாயிற்று. முதலில் இத்தாலியர், ஸ்பானியர் வந்தார்கள். 1983-இல் இலங்கையில் நடந்த கொடுமைக்குப் பிறகு தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுள் பலருக்கு முதலில் கிடைத்த வேலை உணவு விடுதிச் சமையலறையில்.

இப்போது அந்தப் பனி குறைந்துகொண்டு வருகிறது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. தாழ்ந்த சரிவுகளில் போதிய பனி விழுவதில்லை. நவம்பர் பிறந்ததும் இயந்திரம் வைத்துத் தண்ணீரைத் தூவிப் பனியாக்கி விரிக்கிறார்கள். எங்கடின் பள்ளத்தாக்கில் அந்தப் பனி மார்ச் வரை கிடக்க வேண்டுமே என்று விடுதிக்காரர்கள் கவலையோடு காத்திருக்க, மார்ச் முதல் நாள் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே மணியை மாட்டிக்கொண்டு, பனிக்காலத்தை விரட்டத் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள்.